பழைய தோட்ட டிராக்டரை வீட்டிலேயே பழுதுபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் கார் நுழைந்து பல வருடங்கள் ஆகின்றன. 1970களில் வந்த வீல் ஹார்ஸ் சி-120 தோட்ட டிராக்டர் ஒன்றும், நட்டும் போல்ட்டும் நிரம்பிய காப்பிப் பொடி டப்பாக்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வீட்டுக்கு வரும் தமிழ் நண்பர்கள் முதல்முறை பார்த்துச் சிரிப்பார்கள். அடுத்த முறை வரும்போது, தங்கள் தெருவில் யாரோ விற்கும் பழைய வண்டியின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, "இது தேறுமா?" என்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தோட்ட டிராக்டர் என்பது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி தானே?

இல்லை. இன்று பெரிய கடைகளின் வாசலில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் புல்லை மட்டும் வெட்டத் தெரிந்த வண்டிகள். மெல்லிய தகட்டுச் சட்டத்தின் மேல் ஓர் இன்ஜினை உட்கார வைத்திருப்பார்கள். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் செய்யப்பட்ட தோட்ட டிராக்டர் பெரிய டிராக்டரின் தம்பி. கனத்த சட்டம், பின்னால் வார்ப்பிரும்பு கியர் பெட்டி, கலப்பையை இழுக்கும் கொக்கி, முன்னால் பனி தள்ளும் தகடு. புல்வெட்டும் தட்டு அதற்குப் பல கருவிகளில் ஒன்று. இவற்றைப் பழுதுபார்க்க முடிகிறது என்பதற்குக் காரணமும் அதுவே: எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை, கழற்றினால் கழலும்.

எந்த வண்டியை வாங்கலாம்?

பெயர்கள் நிறைய. வீல் ஹார்ஸ் 1946இல் இண்டியானாவின் சவுத் பெண்டில் தொடங்கியது. 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்கும் 1986இல் டோரோ கைக்கும் போனது. கப் கேடட் வண்டியை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960இல் கொண்டுவந்தது. ஜான் டீர் 1963இல் விஸ்கான்சினின் ஹோரிகானிலிருந்து 110 என்ற மாடலுடன் களத்தில் இறங்கியது. போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி இரண்டும் அதே விஸ்கான்சினின் போர்ட் வாஷிங்டன் ஊர்க்காரர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள் உண்டு. எது உயர்ந்தது என்று அவர்களிடம் கேட்டால் பொழுது விடிந்துவிடும்.

என் யோசனை எளியது. பெயரைப் பார்க்காதீர்கள், இன்ஜினைப் பாருங்கள். கோலர் நிறுவனத்தின் கே வரிசை ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் இருந்தால் வாங்குங்கள். 8 குதிரைத்திறன் என்றால் கே-181, 10 என்றால் கே-241, 12 என்றால் கே-301, 14 என்றால் கே-321. வார்ப்பிரும்பு உடல் என்பதால் சிலிண்டரை ரீபோர் செய்து, அதாவது உள்சுவரைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, அடுத்த அளவு பிஸ்டன் போடலாம். உதிரிகள் இன்றும் கிடைக்கின்றன.

1960களின் வீல் ஹார்ஸ் என்றால் ஒரு சின்ன வேடிக்கை: பல மாடல்களில் எண்ணின் கடைசி இலக்கமே ஆண்டு. 701 என்றால் 1961, 856 என்றால் 1966. விற்பவருக்கே தெரியாத வயதை நீங்கள் சொல்லலாம்.

வாங்கப் போகும் இடத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் இன்ஜினைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ அரைமணி நேரம் போராடி அதை எழுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

ஓடாத வண்டி என்றால் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் பாதிக் கவலை விட்டது. பிறகு பிஸ்டனால் சுழலும் கிராங்க் தண்டில் இருக்கும் கப்பியைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கால் சுற்று வெறுமனே சுழல்கிறதா? பழைய வண்டிகளில் அது சகஜம், பல்லும் புஷ்ஷும் தேய்ந்திருக்கும், பயப்பட வேண்டியதில்லை. சட்டத்தில் விரிசல், யாரோ அவசரத்துக்கு வைத்த வெல்டிங் தழும்பு, இவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும்.

வண்டியோடு புல்வெட்டும் தட்டு வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஈரப்புல் ஒட்டி ஒட்டி வண்டிக்கு முன்பே தட்டு துருப்பிடித்துச் சாகும். நல்ல தட்டைப் பிறகு தனியாகத் தேடினால், வண்டி வாங்கிய விலையையே கேட்பார்கள்.

பத்து வருடம் கொட்டகையில் கிடந்த வண்டி. பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பலாமா?

தயவுசெய்து திருப்பாதீர்கள். முதலில் இன்ஜினைச் சுற்றியுள்ள தகட்டு உறையைக் கழற்றுங்கள். காற்றால் குளிரும் இன்ஜின் இது. அந்த உறைக்குள் சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே எலி கூடு கட்டியிருக்கும். "இருக்கலாம்" என்று சொல்லவில்லை, "இருக்கும்" என்கிறேன். நான் என் முதல் வண்டியில் இதைப் பார்க்காமல் ஓட்டி, வைக்கோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அடுத்து, பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். உறைநிலைக்கு மேல் எஸ்.ஏ.இ. 30 போதும். ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி ஆயிலை அள்ளித் தெளிப்பதுதான் மொத்த ஏற்பாடும். அதனால் அளவு குறைந்தாலும் ஆபத்து, செங்குத்துச் சரிவில் ஓட்டினாலும் ஆபத்து.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அசையவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருங்கள். தினமும் ஊற்றுங்கள், தினமும் கொஞ்சம் ஆட்டுங்கள். நீளமான கம்பியை நெம்புகோலாக்கி ஒரே மூச்சில் திருப்பப் பார்ப்பவர்கள், அலுமினிய ராடை வளைத்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்.

ஸ்பார்க் வரவில்லை. காயில் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பிளக்கில் பொறி பறக்க உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றுவது எளிது என்பதால் எல்லோரும் முதலில் அதை வாங்கிவிடுகிறார்கள்.

ஊரில் பழைய புல்லட்டையோ லாம்ப்ரெட்டாவையோ வைத்திருந்தவர்களுக்குப் பிளாட்டினம் பாயிண்ட் நினைவிருக்கும்: காயிலின் மின்சாரத்தைச் சரியான நொடியில் துண்டித்துப் பொறி வரவைக்கும் சின்னச் சுவிட்ச். இதிலும் அதே கதைதான். நல்ல செய்தி என்னவென்றால், கோலர் கே இன்ஜினில் பாயிண்ட், கிராங்கின் நுனியில் சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்காது. பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். இரண்டு திருகைக் கழற்றினால் கண்ணுக்கு முன்னால். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் அதன் முகத்தில் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். அது போதும், மின்சாரம் பாயாது. நயமான உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு சுத்தமான தாளை இடையில் விட்டு ஓர் இழுப்பு. என் கணக்கில் ஸ்பார்க் இல்லாத வண்டிகளில் பாதி இத்துடன் உயிர்பெற்றுவிடுகின்றன.

இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஃபிளைவீலில் 'எஸ்' என்ற எழுத்து பொறித்த கோடு இருக்கும். 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பாயிண்ட்டோடு இணைத்துக் கையால் சுற்றும்போது, அந்தக் கோடு பார்வைத் துளையின் குறிக்கு நேராக வரும் நொடியில் பாயிண்ட் திறக்க வேண்டும். விளக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். பேட்டரி இக்னிஷன் கொண்டவற்றில் பிளக் இடைவெளி 0.035 அங்குலம்.

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் ஓடாதபோது சாவியை 'ஆன்' நிலையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெடும், பாயிண்ட்டும் கருகும். நல்ல காயில் ஒன்றை நானே இப்படிக் கொன்றிருக்கிறேன்.

ஸ்பார்க் இருக்கிறது. கிளம்பி உடனே அணைந்துவிடுகிறது.

பெட்ரோல். அமெரிக்கப் பம்புகளில் கிடைப்பதில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து உதிர்க்கும், கார்புரேட்டருக்குள் பிசின்போல் படியும். டேங்க், குழாய், ஃபில்டர், கார்புரேட்டர் என்று வரிசையாகச் சுத்தம் செய்யுங்கள். கார்புரேட்டரை மட்டும் கழுவிவிட்டு டேங்கின் துருவை விட்டுவைத்தால் அடுத்த வாரமும் அதே வேலைதான்.

துளைகளை மெல்லிய பித்தளைக் கம்பியால் குத்தலாம்; டிரில் பிட்டால் கூடாது. அலசிய பிறகும் இன்ஜின் ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்கினால், த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டும் துளையும் தேய்ந்து அந்த இடுக்கு வழியே காற்று புகுந்தால், பெட்ரோல் அளவை மாற்றும் ஊசித் திருகை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. புதிய புஷ் போட வேண்டும்.

கம்ப்ரெஷன் மிகக் குறைவாகக் காட்டுகிறது. இன்ஜின் முடிந்ததா?

அவசரப்படாதீர்கள். எளிதாகக் கிளம்புவதற்காகக் கே வரிசையில், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டில் ஒரு தானியங்கி ஏற்பாடு உண்டு. மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வை அது இலேசாகத் திறந்து வைத்துக் காற்றை வெளியே விட்டுவிடும். எனவே ஸ்டார்ட்டரால் சுழற்றி அளந்தால் கேஜ் பொய் சொல்லும். ஃபிளைவீலைக் கையால் பின்பக்கமாக, கம்ப்ரெஷனுக்கு எதிராகத் திருப்புங்கள். பந்தைச் சுவரில் அடித்ததுபோல் திருப்பி உதைத்தால் ரிங்கும் வால்வும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. இதை அறியாமல் நல்ல இன்ஜினைப் பிரித்துப் போட்டவர்கள் பலர்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

கனெக்டிங் ராட் அலுமினியம். தனி பேரிங் தகடு இல்லாமல் நேராகக் கிராங்கின் மேல் ஓடுகிறது. கிராங்க் தேய்ந்திருந்தால் பட்டறையில் 0.010 அங்குலம் கடைந்து, அதற்கேற்ற ராட் வாங்க வேண்டும். கிராங்கை அளக்காமல் புது ராடை மட்டும் போடுவது பணத்தைக் கரியாக்கும் வேலை.

10 முதல் 16 குதிரைத்திறன் வரையான சில இன்ஜின்களில் அதிர்வைக் குறைக்க இரண்டு சமநிலைக் கியர்கள் வைத்திருந்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அவற்றின் பேரிங் தேய்ந்து கியர் உடைந்தால், துண்டு இன்ஜினின் உடலான பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிரித்திருக்கும்போதே அவற்றை எடுத்துவிடுவது பலரின் வழக்கம், என்னுடைய வழக்கமும் அதுவே. அதிர்வு கொஞ்சம் கூடும், தூக்கம் நன்றாக வரும்.

ஹெட்டை மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, டார்க் ரெஞ்சால் பல சுற்றுகளாகக் குறுக்கும் நெடுக்கும் இறுக்குங்கள். கே-241 முதல் மேலே உள்ளவற்றுக்கு 25 முதல் 30 அடி-பவுண்டு. கே-181க்கு 15 முதல் 20 மட்டுமே. கை வலிமையை இங்கே காட்டக் கூடாது.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர் செட் போதுமா?

போதாது. எல்லா நட்டும் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், 13ஆம் எண் ஸ்பேனர் பொருந்துவதுபோல் நடித்து, துருப்பிடித்த நட்டின் மூலைகளைத் தின்றுவிடும். பழைய பொருள் விற்பனைகளில் அங்குல செட் மலிவாகக் கிடைக்கும். அதோடு நல்ல கப்பி இழுப்பான் ஒன்று. வார்ப்பிரும்பு வீல் ஹப்பைச் சுத்தியலால் அடித்துக் கழற்றப் பார்த்தால் ஹப் உடைந்துபோகும்.

ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே உருளையாக இருக்கிறதே, அது என்ன?

1960களின் வண்டிகள் பலவற்றில் அப்படித்தான். பெல்ட்டால் இன்ஜினைச் சுழற்றிக் கிளப்புவதும் அதுவே, ஓடத் தொடங்கியதும் பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் அதுவே. கிளப்பும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் புதிதாகப் போட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் டைனமோவின் காந்தத் துருவத்தை நினைவூட்ட வேண்டும்: இன்ஜின் நிற்கும்போது ரெகுலேட்டரின் பேட்டரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு துண்டு ஒயரால் கண்ணிமைக்கும் நேரம் மட்டும் தொடுங்கள். சின்னப் பொறி வரும், வேலை முடிந்தது.

ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி நல்லதா, கியர் வண்டியா?

சொந்தமாகப் பழுதுபார்க்கும் ஆசையில் முதல் வண்டி வாங்குகிறீர்கள் என்றால் கியர். கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோ ஓட்டச் சுகமானது, ஆனால் உள்ளே பம்ப் தேய்ந்தால் கராஜில் செய்ய அதிகம் இல்லை. ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே மாற்றுங்கள், அந்த வண்டிக்குச் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள்.

துருவை எப்படி நீக்குவது?

சின்னப் பொருள்களுக்கு வினிகர். பெரியவற்றுக்கு மின்பகுப்பு முறை. இதைப் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், காலனுக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தில் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ், பக்கத்தில் தொங்கும் பழைய கட்டடக் கம்பியில் பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பழைய காலத்துச் சார்ஜர் வேண்டும். புதிய புத்திசாலிச் சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லை என்று கண்டுபிடித்து அணைந்துவிடும். மறுநாள் துரு கறுப்புச் சேறாகி, துணியால் துடைத்தால் வந்துவிடும்.

மூன்று விஷயங்கள் விளையாட்டில்லை. கம்பிக்குப் பதில் எவர்சில்வரைத் தொங்கவிட்டால் நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். அலுமினியப் பாகத்தைப் போட்டால் சோடா அதைத் தின்றுவிடும். குமிழியாக வருவது ஹைட்ரஜன்; எனவே திறந்த வெளியில் வையுங்கள், சார்ஜரை அணைத்த பிறகே கிளிப்பைத் தொடுங்கள்.

பெயிண்ட் அடிப்பது எப்போது?

கடைசியில். ஒரு பருவம் முழுக்க ஓட்டி, ஒழுகுவதெல்லாம் ஒழுகி, சரிசெய்த பிறகு. முதல் மாதமே பளபளவென்று சிவப்படித்து, பிறகு கேஸ்கெட் மாற்றும்போது அதே சிவப்பைச் சுரண்டியவன் நான்.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது முகமூடி அணிந்து, ஈரம் வைத்துத் தேயுங்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். உங்கள் வண்டி அதற்கு முந்தையது. பழைய பிரேக், கிளட்ச் பட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், அந்தத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள்.

நிறத்தை மாற்றினால் தெய்வக்குற்றம் என்று சொல்பவர்களிடம் ஜான் டீரின் பேட்டியோ வரிசையைப் பற்றிச் சொல்லுங்கள். பச்சையைத் தவிர வேறு நிறமே தெரியாத அந்த நிறுவனம் 1969இல் தோட்ட டிராக்டர்களை வெள்ளை உடலோடு, முன்மூடியும் இருக்கையும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என நான்கு நிறங்களில் விற்றது. அப்போது அவ்வளவாக எடுபடவில்லை. இன்று சேகரிப்பாளர்கள் அதைத்தான் தேடி அலைகிறார்கள். ஆனால் உங்கள் வண்டியில் தொழிற்சாலையின் அசல் பெயிண்டும் ஸ்டிக்கரும் பாதியாவது தங்கியிருந்தால், மெழுகு தேய்த்து அப்படியே விடுங்கள் என்பேன்.

என் விருப்பப்படி வண்டியை மாற்றியமைக்கலாமா?

தாராளமாக. நான் எனக்கு வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: திரும்ப அவிழ்க்கக்கூடிய மாற்றங்களை மட்டும் செய். சட்டத்தை அறுப்பதும் புதுத் துளை போடுவதும் கடைசி வழி.

முதல் மாற்றமாக இருக்கைச் சுவிட்சைச் சொல்வேன். இறங்கினால் இன்ஜின் நிற்கும் ஏற்பாடு பழைய வண்டிகள் பலவற்றில் கிடையாது. கீழே கத்தி சுழன்றுகொண்டிருக்கும். சில டாலர் சுவிட்ச், ஒரு மாலை வேலை. அடுத்து எல்.இ.டி. விளக்கு: பழைய டைனமோ மெதுவாக ஓடும்போது சரியாகச் சார்ஜ் தராது, எனவே குறைந்த மின்சாரம் குடிக்கும் விளக்கு பேட்டரியைக் காப்பாற்றும்.

பின் டயருக்கு உழவு டயர் போட்டால் பனியிலும் சேற்றிலும் பிடிப்பு பிரமாதம், புல்தரை நாசம். டயருக்குள் கனத்துக்காகக் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுவது பழைய வழக்கம். ஒழுகினால் ரிம்மை அரித்துவிடும். அதைவிடக் காரின் கண்ணாடி கழுவும், உறையாத திரவம் மேல். முன்னால் மண் அள்ளும் வாளி மாட்ட ஆசைப்படுபவர்கள், முன் அச்சு அதைத் தாங்குமா என்று பார்த்து, பின்னால் எடை கட்ட வேண்டும்.

இன்ஜினையே மாற்றிப் புதிய இரட்டைச் சிலிண்டர் வைப்பவர்கள் உண்டு. தண்டின் உயரம், விட்டம், கப்பி வரிசை எல்லாம் பொருந்த வேண்டும் என்பது பார்த்தாலே புரியும். புரியாமல் போவது ஒயரிங். பழைய வண்டியில் சாவி திறந்தால் காயிலுக்கு 12 வோல்ட் போகும். புதிய இன்ஜினில் பேட்டரி இல்லாமலே பொறி தரும் மேக்னட்டோ அதற்கு நேர்மாறு: அதன் ஒயரைத் தரையோடு இணைத்தால் நிற்கும், விட்டால் ஓடும். பழைய ஒயரை அப்படியே அதில் மாட்டினால் புது காயில் முதல் நாளே புகையும்.

இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றி வேகம் கூட்டலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூடாது. நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு உட்பட்டது இந்த இன்ஜின். அதைத் தாண்டினால் வார்ப்பிரும்பு ஃபிளைவீல் வெடித்துச் சிதறலாம், அது உங்கள் முழங்காலுக்கு முன்னால்தான் இருக்கிறது. இழுவைப் போட்டிக்காரர்கள் எஃகு ஃபிளைவீலும் கனத்த கவசமும் போட்டுக்கொண்டுதான் அந்த வேலைக்குப் போகிறார்கள்.

ஒன்றைச் சரிசெய்து ஊருக்கு அனுப்பினால் தென்னந்தோப்பில் உழலாமா?

கப்பல் கூலிக்கே ஊரில் ஒரு பழைய பவர் டில்லர் வாங்கிவிடலாம். அது கெட்டால் பக்கத்து ஊர்ப் பட்டறையில் சரிசெய்யலாம். இதற்கு ஒரு கேஸ்கெட் வேண்டுமென்றாலும் எனக்குத்தான் போன் வரும். வேண்டாம்.

இவ்வளவும் செய்து, அதில் புல்லாவது வெட்டுகிறீர்களா?

வெட்டுகிறேன். அரை ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். எதிர்வீட்டுக்காரர் தன் புது வண்டியில் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, காப்பிக் கோப்பையோடு வந்து என் வேலி ஓரம் நின்று பார்ப்பார். போன ஜனவரியில் அவர் வண்டி கராஜில் தூங்கியபோது, அவருடைய வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளியது சி-120. இப்போது கைப்பேசியில் படம் காட்டிச் சந்தேகம் கேட்பவர்களில் அவரும் ஒருவர்.